'அம்மாவுக்கு ரெஸ்ட்' என்று வந்த ஆல் இன் ஒன் சமையல் மெஷின்... எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் மூன்று வாரங்கள்!

வாசல் தெளித்துவிட்டுத் திரும்பும்போது வழுக்கி விழுந்துவிட்டார் அம்மா. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. 'ஆறு வாரம் மாவுக்கட்டு, கையை அசைக்கவே கூடாது' என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அம்பத்தூரில் எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். அம்மா, அப்பா, அப்பாவின் அம்மாவான அப்பத்தா, நான். அக்கா பெங்களூரில் ஐ.டி வேலை. முப்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் அடுப்பங்கரையை அம்மாவின் வலது கைதான் ஓட்டிக்கொண்டிருந்தது என்பது, அது கழுத்தில் தொங்கும் தூளியில் போய் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.

முதல் நான்கு நாள்கள் ஹோட்டல் சாப்பாடு. ஐந்தாவது நாள் அப்பத்தாவுக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. நான் வைத்த ரசத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். அன்று ராத்திரி அக்காவிடமிருந்து போன். "ஒண்ணு ஆர்டர் பண்ணிருக்கேன். அரைக்கும், வதக்கும், வேகவைக்கும், கிண்டும், எல்லாமே அதுவே பண்ணிடும். அம்மாவுக்கு இனிமே ரெஸ்ட்டு."

இரண்டு நாளில் பெட்டி வந்து இறங்கியது. ஆபீஸில் இதைச் சொன்னதும், 'மூணு வாரம் யூஸ் பண்ணிட்டு எழுதிக் கொடு' என்றார்கள். இது கம்பெனி கொடுத்த இலவச ரெவ்யூ மெஷின் இல்லை. அக்கா 12 மாதத் தவணையில் சொந்தக் காசில் வாங்கியது. எந்த கம்பெனி, எந்த மாடல் என்று இங்கே சொல்லப்போவதில்லை. இந்த வகை மெஷினில் எதை வாங்க நினைத்தாலும் உதவும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

ஒரு கனமான அடிப்பாகம், அதில் தொடுதிரை. இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் ஒரே ஒரு எவர்சில்வர் ஜார். ஜாருக்குள் கழற்றி மாட்டக்கூடிய பிளேடு. கிளறுவதற்குத் தனியாக ஒரு துடுப்பு. மேலே வைத்து ஆவியில் வேகவைக்க ஒரு தட்டு. மூடி, மூடிக்கு ஒரு ரப்பர் வளையம். அவ்வளவுதான்.

பார்ப்பதற்குக் கொஞ்சம் பெரிய மிக்ஸி மாதிரி இருக்கும். ஆனால், ஜாரின் அடியிலேயே சூடேற்றும் ஹீட்டர் இருக்கிறது. வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. எடை பார்க்கும் தராசும் அடிப்பாகத்திலேயே இருக்கிறது. 'வெங்காயம் 100 கிராம் போடவும்' என்று திரையில் வரும். நாம் போடப் போட எண் ஏறும். 100 வந்ததும் 'டிங்' என்று சத்தம். அடுத்த படி.

அப்பத்தா நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து முழுதாக அரை மணி நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "பேசுற குண்டான்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

புதுசு மாதிரி தெரியும்... ஆனால், வயது 50-க்கு மேல்!

இந்த யோசனை இன்று நேற்று வந்தது இல்லை. ஜெர்மனியின் ஃபோர்வெர்க் நிறுவனம், அரைத்துக்கொண்டே சூடேற்றும் 'தெர்மோமிக்ஸ்' மெஷினை 1971-லேயே கொண்டுவந்துவிட்டது. ஐரோப்பியர்கள் விரும்பிக் குடிக்கும் கெட்டியான காய்கறி சூப்பை ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, அதிலேயே அரைத்தும் விடலாம் என்பதுதான் அடிப்படை ஐடியா. 2014-ல் அதற்குத் தொடுதிரை வந்தது. இன்று இந்தியாவிலும் இதே பாணியில் பல கம்பெனிகள் மெஷின்களை இறக்கியிருக்கின்றன.

நம் ஊர்க் கதை வேறு. நமக்கு சூப்பைவிட மாவும் சட்னியும்தான் பெரிய வேலை. கோவையைச் சேர்ந்த சபாபதி 1955-ல் மின்சார வெட் கிரைண்டரை உருவாக்கினார். இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்பதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. 1960-களில், வெளிநாட்டு மிக்ஸியின் மோட்டார் நம் ஊர் அரைவைக்குத் தாக்குப்பிடிக்காமல் போனதைப் பார்த்த மும்பைப் பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர், 'சுமீத்' மிக்ஸியைக் கொண்டுவந்தார். 2011-ல் தமிழ்நாடு அரசே விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது.

ஆக, சூப்புக்காகப் பிறந்த மெஷின், சாம்பாரையும் இட்லி மாவையும் எப்படிச் சமாளிக்கும்? இதுதான் எங்கள் பரீட்சை.

முதல் நாள்... கேசரியில் டிஸ்டிங்ஷன்!

நல்ல காரியமாகத் தொடங்கலாம் என்று ரவா கேசரி. நெய்யில் முந்திரி வறுத்தது, ரவையை வறுத்தது, தண்ணீர் ஊற்றியதும் கிண்டியது எல்லாமே மெஷின்தான். நான் செய்தது, திரை சொன்னபோது பொருள்களைப் போட்டது மட்டும். கட்டி இல்லை. அடிப்பிடிக்கவில்லை. கை வலிக்கவில்லை. அம்மா இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லையே" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

அடுத்து தக்காளித் தொக்கு. அதுவும் சுலபமாக முடிந்தது. தொக்கு கொதிக்கும்போது அடுப்பைச் சுற்றித் தெறிக்குமே, அந்தத் தொல்லை இல்லை. கேழ்வரகுக் கூழ், அப்பத்தாவுக்கு நொய்க்கஞ்சி, வெண்பொங்கல், பால் பாயசம் என்று எதெல்லாம் நின்றுகொண்டே கிண்ட வேண்டுமோ, அதிலெல்லாம் இந்த மெஷின் கெட்டிக்காரன். பால் பொங்கி வழியாமல் காய்ச்சிக் கொடுத்ததற்கே தனியாகக் கைதட்டலாம்.

நான்காம் நாள்... சாம்பாரில் சறுக்கல்

திரையில் 'சாம்பார்' என்று ஒரு ரெசிப்பி இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது, இந்தியிலும் இருந்தது. தமிழில் இல்லை. சாம்பாருக்கே தமிழ் இல்லையா என்று அப்பா கோபப்பட்டார்.

முதல் சிக்கல் பருப்பு. நம் பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை சூடாகும். அதனால்தான் நான்கு விசிலில் துவரம்பருப்பு மசிந்துவிடுகிறது. இந்த மெஷினின் மூடி ஆவியை வெளியே விட்டுவிடும். உள்ளே எவ்வளவு நேரம் கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஆக, ஊறவைக்காத பருப்பு வேக நெடுநேரம் ஆகும். முதல் நாள் முக்கால் மணி நேரம் கழித்தும் பருப்பு முழிமுழியாக நின்றது. மறுநாள் ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துப் போட்டோம். வெந்தது.

இரண்டாவது சிக்கல் காய். பிளேடு இருக்கும் ஜாரில் கத்திரிக்காயைப் போட்டுக் கிளறினால் என்ன ஆகும்? சாம்பாரில் காயைத் தேடினோம். தோல் மட்டும் கிடைத்தது. முருங்கைக்காய் நார் நாராகப் பிரிந்துவிட்டது. பிளேடைக் கழற்றிவிட்டுத் துடுப்பை மாட்ட வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. சில மாடல்களில் பிளேடு எதிர்ப்பக்கமாகச் சுற்றும் வசதி இருக்கும். மொட்டையான பக்கம் காயைத் தொடுவதால் வெட்டாது. வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தாளிப்பு. எண்ணெய் நன்றாகக் காய்ந்தால்தான் கடுகு வெடிக்கும். எங்கள் மெஷின் எண்ணெயை நிதானமாகச் சூடேற்றியது. கடுகு வெடிக்குமா வெடிக்காதா என்று நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெடிக்கவில்லை. கறிவேப்பிலை வாடியதோடு சரி. கடைசியில் அப்பத்தாதான் தீர்ப்பு சொன்னார்: "அந்த இரும்புக் கரண்டிய எடு." அடுப்பில் தாளித்துக் கொட்டினோம். சாம்பாருக்கு உயிர் வந்தது.

மாவு அரைத்தோம்... கிரைண்டரை விற்றுவிடாதீர்கள்!

இட்லி மாவுதானே உண்மையான தேர்வு? நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அரிசி, உளுந்து. எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு ஆகும் மாவை அரைக்க, ஜாரை ஐந்து முறை நிரப்ப வேண்டியிருந்தது. அதற்குள் ஜாரும் சூடு, மாவும் சூடு.

கல் கிரைண்டர் மெதுவாக அரைக்கும். சூடு அதிகம் ஏறாது. உளுந்தை அடித்து அடித்துக் காற்றைச் சேர்க்கும். அதனால்தான் மாவு பொங்கிக் காணும். பிளேடு வேகமாக வெட்டும், சூடு ஏற்றும், காணுதல் குறைவு. ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்ததில் நிலைமை கொஞ்சம் தேறியது. தோசை நன்றாகவே வந்தது. இட்லிதான் சற்று கெட்டி. பேச்சிலர்கள், கணவன் மனைவி மட்டும் உள்ள வீடுகளில் இரண்டு நாள் மாவுக்கு இது போதும். பெரிய குடும்பம் என்றால் கிரைண்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மூன்று வாரத்தில் நாங்கள் போட்ட மார்க்

சூப்பர்: கேசரி, பாயசம், கூழ், கஞ்சி, வெண்பொங்கல், தொக்கு, சூப், பால் காய்ச்சுவது.

பரவாயில்லை: தேங்காய்ச் சட்னி, ரவா உப்புமா, ரசம், குருமா, ஆவியில் வேகவைத்த காய்கள், தோசை மாவு.

வேண்டாம்: தாளிப்பு, வறுவல், பருப்பு வகை ஊறாமல், ஒரு வாரத்து இட்லி மாவு. பூரி, அப்பளம் பொரிப்பதை நினைக்கவே வேண்டாம். பெரும்பாலான மெஷின்கள் எண்ணெயில் பொரிப்பதற்கு ஏற்றவை அல்ல.

ஒன்றன்பின் ஒன்று... நேரக் கணக்கு!

'ஆல் இன் ஒன்' என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால், ஜார் ஒன்றுதான். சாம்பார் முடிந்து, ஊற்றி, கழுவி, துடைத்த பிறகுதான் ரசம். அது முடிந்த பிறகு பொரியல். நம் மதியச் சாப்பாட்டுக்கு இது சரிப்படுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் ஸ்டாப்வாட்ச்சை வைத்து அளந்தேன். சாம்பார் 55 நிமிடம், ரசம் 18, பீட்ரூட் பொரியல் 20, சாதம் 30. நடுவில் கழுவ மொத்தம் 12 நிமிடம். ஆக, இரண்டே கால் மணி நேரம். இதே சாப்பாட்டை இரண்டு பர்னர் அடுப்பில், ஒருபக்கம் குக்கர், மறுபக்கம் கடாய் என்று அம்மா ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

ஆனால், இன்னொரு கணக்கும் உண்டு. அம்மாவின் 70 நிமிடங்களும் அடுப்பு முன்னால் நின்றுகொண்டே போகும். மெஷினின் இரண்டே கால் மணி நேரத்தில் நாங்கள் கையால் வேலை செய்தது ஏறக்குறைய 40 நிமிடம்தான். மீதி நேரம் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார் அப்பா. அவசரமாக ஆபீஸ் கிளம்பும் காலை நேரத்துக்கு இது சரிவராது. வீட்டில் ஆள் இருக்கும் பகல் பொழுதுக்கு நன்றாகவே சரிவரும்.

கரன்ட் பில் எகிறுமா?

எங்கள் மெஷினின் ஹீட்டர் 1,000 வாட்ஸ், மோட்டார் 500 வாட்ஸ். இரண்டும் சேர்ந்து ஓடினால் 1,500 வாட்ஸ். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஆறரை ஆம்பியர். ஆகவே, சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். எங்கள் சமையலறையில் அது ஃபிரிட்ஜ் பக்கம்தான் இருந்தது. எலெக்ட்ரீஷியனை அழைத்து மேடைக்கு இழுத்தது தனிச் செலவு.

ஹீட்டர் ஒரு மணி நேரம் முழு மூச்சில் ஓடினால் ஒரு யூனிட். ஆனால், கொதி வந்ததும் ஹீட்டர் விட்டு விட்டுத்தான் எரியும். முழு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் சுமார் ஒரு யூனிட் ஆனது. தினமும் இப்படிச் சமைத்தால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஏற்கெனவே ஏ.சி போட்டு 450-ஐத் தொடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் கூடுதல் நாள் வரும் என்பது எதிர்ப்பக்கக் கணக்கு.

கரன்ட் போனால்? எங்கள் தெருவில் ஒரு நாள் நடுவில் போய் வந்தது. மெஷின் முதல் படியிலிருந்து தொடங்கச் சொன்னது. வெங்காயம் பாதி வதங்கியிருந்தது அதற்குத் தெரியாது. இன்னொரு நாள், சமையலுக்கு நடுவே 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று திரை கேட்டது. நான் தெரியாமல் 'சரி'யைத் தொட்டுவிட்டேன். 14 நிமிடம் எல்லோரும் காத்திருந்தோம். குழம்புக்கு அப்டேட் தேவைப்பட்டது எங்கள் வீட்டு வரலாற்றில் அதுவே முதல் முறை.

கழுவும்போதுதான் தெரியும் கதை

'தானே கழுவிக்கொள்ளும்' என்று விளம்பரத்தில் இருந்தது. வெந்நீர் ஊற்றி, இரண்டு சொட்டு சோப்புத் திரவம் விட்டு ஓடவிட்டால் முக்கால்வாசி போய்விடும். மீதி நம் கையில். பிளேடுக்கு அடியில் சிக்கும் தேங்காய்ச் சக்கையைப் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பிளேடு கூர்மை, கவனம். மஞ்சள் கறை ஆவித்தட்டை நிரந்தரமாக மஞ்சளாக்கிவிட்டது.

பெரிய பிரச்னை, மூடியில் உள்ள ரப்பர் வளையம். பூண்டு, பெருங்காயம், மீன் என்று எல்லா வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்பத்தா பத்து வருடங்களாகக் கவுச்சி சாப்பிடுவதில்லை. மீன் குழம்பு வைத்த மறுநாள் அதே ஜாரில் வைத்த கஞ்சியை மூக்கருகே கொண்டுபோனவர், அப்படியே கீழே வைத்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றோடு மெஷினில் சைவம் மட்டும் என்று முடிவெடுத்தோம். இன்னொரு ஜாரும் வளையமும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. எங்கள் அக்கா கேட்கவில்லை.

அப்பாவும் அடுப்பங்கரையும்

இனிதான் நான் எதிர்பார்க்காத பகுதி.

எங்கள் அப்பா ஓய்வு பெற்று மூன்று வருடங்கள் ஆகின்றன. காபி போடத் தெரியும். அதற்கு மேல் சமையலறையில் அவருக்கு வேலை இருந்ததில்லை. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள் என்கிறது. ஆண்களில் அந்த வேலையைச் செய்பவர்களின் சராசரி 97 நிமிடங்கள். எங்கள் அப்பா அந்த 97-ஐயும் கீழே இழுத்தவர்களில் ஒருவர்.

நான் காலை எட்டரைக்கெல்லாம் ஆபீஸ் கிளம்பிவிடுவேன். மதியம் மெஷினை இயக்க வேண்டியவர் அப்பாதான். முதல் நாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'கெப்சிகம்னா குடமிளகாய்தானே?' என்று எனக்கு போன். இரண்டாவது நாள், 'சிம்மர்னா என்ன?' மூன்றாவது நாள் போன் வரவில்லை.

ராத்திரி அவரிடம் கேட்டேன், "இத்தன வருஷம் ஏம்ப்பா நீங்க கத்துக்கல?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்கம்மாகிட்ட கேட்டா, 'இதுகூடத் தெரியாதா'ன்னு கேப்பா. இது கேக்காதுல்ல?"

உள்ளே இருந்து அம்மா குரல் வந்தது: "ஒரு தடவ கேட்டுப் பாத்திருக்கலாமில்ல? கேட்டாதானே நான் திட்டுறேனா சொல்லித்தர்றேனான்னு தெரியும்!"

யாரும் பதில் சொல்லவில்லை. டி.வி சத்தம் மட்டும் கேட்டது.

"யோசிக்கிறது யாரு?"

அம்மாவுக்கு உண்மையிலேயே ரெஸ்ட் கிடைத்ததா? கட்டுரைக்காகக் கேட்பதாகச் சொல்லி, ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன்.

"நிக்கிற வேல கொறஞ்சிருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா, நாளைக்கு என்ன வெக்கிறதுன்னு யோசிக்கிறது யாரு? பருப்பு ஊறவெக்கணும்னு ராத்திரி ஞாபகப்படுத்துறது யாரு? தக்காளி ரெண்டுதான் இருக்கு, வாங்கிட்டு வாங்கன்னு சொல்றது யாரு? அப்பத்தாவுக்கு உப்பு கம்மியா தனியா எடுத்து வெக்கச் சொல்றது யாரு? கட்டுப் போட்ட கையோட இதெல்லாம் நாந்தானே பண்றேன்?"

சொல்லிவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "அக்கா பாசமாத்தான் வாங்கிக் குடுத்திருக்கா. நீயும் ராத்திரி வந்து பாத்திரம் கழுவுற. ஆனா, நான் விழுந்ததும் எல்லாருக்கும் மொதல்ல சாப்பாட்டுக் கவலதான வந்துச்சு?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அம்மாவுக்கு எவ்வளவு வலித்தது என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. மூன்று வாரமும் ராத்திரி தூக்கத்தில் அவர் முனகியது எனக்கும் கேட்டது. அதை இப்போதுதான் எழுதுகிறேன்.

அன்று ராத்திரியே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். ஏழு நாளைக்கு என்ன சமையல், எதை ஊறவைக்க வேண்டும், யார் வாங்கி வர வேண்டும் என்று எழுதியது நானும் அப்பாவும். அம்மாவிடம் கேட்காமல் எழுதியதால் செவ்வாய், புதன் இரண்டு நாளும் கத்திரிக்காய் வந்துவிட்டது. அம்மா திருத்தவில்லை. இரண்டு நாளும் கத்திரிக்காய் சாப்பிட்டோம்.

எலுமிச்சம்பழ அளவு புளி என்றால் எத்தனை கிராம்?

மெஷினில் வரும் ரெசிப்பிகளில் ஒரு பொது ருசி இருக்கும். தப்பு சொல்ல முடியாது. ஆனால், நம் வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்காது. மூன்றாவது வாரம் அப்பா ரெசிப்பியை ஒதுக்கிவிட்டு, நாமே நேரமும் சூடும் வைக்கும் முறைக்கு மாறினார். 'புளி எவ்வளவு?' என்று அம்மாவிடமே கேட்டார்.

"எலுமிச்சம்பழ அளவு."

"பெரிய பழமா, சின்னப் பழமா?"

அம்மா எழுந்து வந்து, இடது கையால் புளியைக் கிள்ளி ஜாரில் போட்டார். தராசு 28 கிராம் காட்டியது. மறுநாள் கிள்ளியதும் 31 கிராம். வலது கைப் பழக்கத்தை இடது கையிலும் மூன்று கிராம் வித்தியாசத்தில் கொண்டுவந்துவிட்டார்! ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, சாம்பார் பொடி, கல் உப்பு என்று எல்லாவற்றையும் அன்று எடை போட்டு என் போனில் குறித்துக்கொண்டேன். இதுவரை அம்மாவின் சாம்பாருக்கு எழுத்தில் எந்த அளவும் இருந்ததில்லை. இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் எது என்று கேட்டால், அந்தத் தராசு என்றுதான் சொல்வேன்.

யார் வாங்கலாம்... யாருக்கு வேண்டாம்?

வாங்கலாம்: சமையல் இப்போதுதான் பழகுபவர்கள், இரண்டு மூன்று பேர் உள்ள வீடுகள், கஞ்சி, கூழ், சூப் என்று மென்மையான உணவு தேவைப்படும் பெரியவர்களோ குழந்தைகளோ உள்ள வீடுகள், நெடுநேரம் நிற்கவோ கிண்டவோ முடியாதவர்கள்.

யோசித்து வாங்குங்கள்: ஐந்து பேருக்கு மேல் உள்ள குடும்பங்கள், காலை ஏழு மணிக்குள் டிபனும் மதியச் சாப்பாடும் கட்ட வேண்டியவர்கள், ஒரே வீட்டில் சைவமும் அசைவமும் தனித்தனியாகச் சமைப்பவர்கள், ஏற்கெனவே குக்கர், மிக்ஸி, கிரைண்டரில் கை பழகியவர்கள்.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

* இன்டர்நெட் இல்லாமலும் ஓடுமா? ஆப் நின்றுபோனாலும் கையால் இயக்க முடியுமா?

* ரெசிப்பிகளுக்குப் பிற்பாடு சந்தா கட்ட வேண்டுமா?

* உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? இல்லையென்றால் எத்தனை நாளில் ஆள் வருவார்?

* கூடுதல் ஜார், பிளேடு, ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா? விலை என்ன?

* மோட்டாருக்கு எத்தனை வருட வாரன்டி, திரைக்கு எத்தனை வருடம்? இரண்டும் வேறு வேறாக இருக்கலாம்.

* திரையில் தமிழ் உண்டா? இல்லையென்றால் வீட்டில் அதை இயக்கப்போகிறவரால் படிக்க முடியுமா?

ஒரு பாதுகாப்புக் குறிப்பு: கொதிக்கும் குழம்பையோ சூப்பையோ உடனே வேகமாக அரைக்கவிடாதீர்கள். ஆவி மூடியைத் தள்ளும். சற்று ஆறவிட்டு, குறைந்த வேகத்தில் தொடங்கி ஏற்றுங்கள். ஜாரில் போட்டிருக்கும் அதிகபட்சக் கோட்டைத் தாண்டவே கூடாது.

இப்போது எப்படி?

போன வாரம் அம்மாவின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பிசியோதெரபி நடக்கிறது. மென்மையான பந்தை அமுக்கி அமுக்கி விட வேண்டும். சப்பாத்தி மாவு பிசைய இன்னும் நாளாகும். காலை டிபன் பழையபடி அடுப்பில், அம்மாவும் நானுமாக. கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் அப்பத்தாவின் கஞ்சி மெஷினில். மூடிக்குப் புது ரப்பர் வளையம் வாங்கிப் போட்டுவிட்டோம். செவ்வாயும் சனியும் மதியச் சமையல் முழுக்க அப்பா பொறுப்பு. ஃபிரிட்ஜ் கதவில் தாள் இருக்கிறது. இந்த வாரம் கத்திரிக்காய் ஒரு நாள்தான்.

நேற்று அக்கா வீடியோ காலில் கேட்டாள், "மெஷின் எப்படிம்மா இருக்கு?"

அம்மா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உங்கப்பாதான் தாளிக்க இன்னும் கொஞ்சம் பழகணும்."